பஞ்சாங்கங்கள் முரண்பட்டால் பரம்பரை வழக்கா, சொந்த முடிவா?

2025 மார்ச் 29 அன்றே சனிப்பெயர்ச்சி என்றது, வானத்தில் காண்பதற்கு ஏற்பத் திருத்திக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம். திருநள்ளாறு கோயிலோ, பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-இல்தான் என்றது. 'பரம்பரை வழக்கை மீறி நாமே முடிவெடுக்கலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோயில் விழாவை ஊர் வழக்கப்படியே கொண்டாடுங்கள். அது பலரும் கூடி வைத்துக்கொண்ட நாள். ஆனால் சனி எங்கே நிற்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் மரபு மீறல் எதுவும் இல்லை. வாக்கிய முறையில் சந்திரனின் இடத்தைச் சொல்ல 248 வாக்கியங்கள் உண்டு. அவற்றின் எழுத்துகளே எண்கள். மனப்பாடமாகத் தெரிந்தவர் ஓலையைப் புரட்டாமலே கணிக்கலாம். அபாரமான வேலை, எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் நாளாக நாளாகக் கணக்குக்கும் வானத்துக்கும் இடைவெளி விழுந்துவிடும். கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்து, பழைய கணக்கைத் திருத்தி 1431-இல் புது நூலே எழுதினார். அவரும் மரபுக்குள் இருந்தவர்தானே?

அப்புறம், வீட்டில் இருக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் கிரகணப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஊரே அண்ணாந்து பார்க்கும் விஷயம் என்பதால், நேரத்தைப் பெரும்பாலும் திருக்கணிதப்படிதான் போட்டிருப்பார்கள்.