முட்டைத் தட்டுகளை ஒட்ட வேண்டாம்

அன்புள்ள அண்ணா,

கராஜ் ரொக், அதாவது 1960களில் இளைஞர்கள் கராஜிலும் கொட்டிலிலும் கூடி வாசித்த முரட்டு ரொக் இசை, பற்றி நீங்கள் எழுதிவருவதை நாங்கள் நான்கு பேரும் தொடர்ந்து வாசிக்கிறோம். திருகோணமலை உப்புவெளியில் என் மாமா படகு எஞ்சின் திருத்தும் கொட்டில் ஒன்று வைத்திருக்கிறார். வேலை முடிந்த பிறகு மாலையில் அங்கேதான் எங்கள் பயிற்சி. தகரக் கூரை, சீமெந்துத் தரை. சீனத் தயாரிப்பான ஒரு கிற்றார், ஒரு பேஸ் கிற்றார், சிறிய அம்ப்ளிபயர் இரண்டு, பழைய கசியோ கீபோர்ட், இரவல் ட்ரம்ஸ், இவ்வளவுதான் எங்களிடம் இருக்கின்றன. த சோனிக்ஸ், குவெஸ்ச்சன் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ், த வைட் ஸ்ட்ரைப்ஸ் ஆகிய குழுக்கள் எங்களுக்கு உயிர்.

இப்போது எங்களுக்குள் ஒரு தகராறு. பழைய அமெரிக்கக் கிற்றாரும் வால்வ் அம்ப்ளிபயரும் கிற்றார் ஒலியை உறுமலாக்கும் ஜெர்மேனியம் ஃபஸ் பெடலும் இல்லாமல் அந்த ஒலி வராது என்கிறார் கிற்றார் வாசிக்கும் நண்பர். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் காசு சேர்க்கிறார். ட்ரம்ஸ் வாசிப்பவரோ கொட்டிலின் எதிரொலி முழக்கம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்கிறார். சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டி, ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிந்து, கணினியில் ஒன்றுசேர்க்கலாம் என்பது அவருடைய யோசனை. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. பாட்டு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.

ர., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

முட்டைத் தட்டு விடயம் அவசரமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து ஒட்டாதீர்கள். எஞ்சின் திருத்தும் இடத்தில் மண்ணெண்ணெயும் கிரீசும் எப்போதும் இருக்கும். அங்கே நான்கு சுவரிலும் காய்ந்த கடதாசிக் கூழை ஒட்டிவைத்தால், ஒரு தீப்பொறி போதும். ஒலிக்காகப் பார்த்தாலும் அதனால் பயனில்லை. சத்தம் வெளியே போவதை முட்டைத் தட்டு தடுக்காது, பக்கத்து வீட்டுக்குக் கேட்பது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். உச்ச அதிர்வுகளில் கொஞ்சத்தை மட்டும் அது உறிஞ்சும். பேஸின் இரைச்சல் அப்படியே நிற்க, சிம்பலின் கூர்மையும் குரலின் விளிம்பும் மட்டும் மழுங்கிப்போகும்.

நீங்கள் உயிர் என்று சொல்லும் சோனிக்ஸ் செய்தது இதற்கு நேர் எதிரானது. அவர்கள் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், டகோமா நகரத்துப் பையன்கள். 1965இல் வந்த முதல் இசைத்தட்டை சியாட்டிலில் கேர்னி பார்ட்டன் என்ற ஒலிப்பதிவாளர் இரண்டு ஒலித்தடங்கள் மட்டுமே கொண்ட கருவியில் பதிந்தார். ட்ரம்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு மைக். 1966இல் வந்த அடுத்த தட்டுக்காக அவர்கள் போன கூடத்தின் சுவர்களில் ஒலியை அடக்க முட்டைத் தட்டு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டுத்தான் வாசித்தார்கள். ஒலி இன்னும் உயிரோடு ஒலிக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். உங்கள் ட்ரம்ஸ் நண்பர் அடக்க நினைக்கும் முழக்கத்தைத்தான் அவர்கள் வேண்டி எடுத்துக்கொண்டார்கள்.

நாம் மயங்கும் அந்த ஒலி, நான்கைந்து பேர் ஓர் அறைக்குள் ஒரே நேரத்தில் வாசித்து, கருவிகளும் அறையும் தாங்கக்கூடியதைவிடக் கொஞ்சம் அதிகமாக அவற்றிடம் கேட்கும்போது பிறப்பது. இதை நான் உறுதியாக நம்புகிறேன். ட்ரம்ஸ் மைக்குக்குள் கிற்றார் கசியும். பாடகரின் மைக்குக்குள் சிம்பல் கசியும். அந்தக் கசிவில்தான் கேட்பவருக்கு அறையின் அளவு தெரிகிறது, ஆட்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதும் தெரிகிறது. தனித்தனியாகப் பதிந்தால் கசிவு போய்விடும். பிறகு கணினியில் எத்தனை செயற்கை முழக்கம் சேர்த்தாலும், ஒரே அறையில் நிற்காதவர்களின் பாட்டாகத்தான் அது இருக்கும்.

கிங்ஸ்மென் குழு 1963இல் போர்ட்லண்டில் பதிந்த 'லூயி லூயி' இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம். ரிச்சர்ட் பெரி எழுதிய பாட்டு அது, மூன்றே கோர்ட் (சுரக்கூட்டு). பதிவுக்குச் செலவானது ஏறக்குறைய 50 டொலர். மைக் கூரையோடு தொங்கியதால் பாடகர் ஜக் ஈலி தலையை அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது. கிற்றார் தனிவாசிப்பு முடிந்ததும் அவர் ஒரு கணம் முந்திப் பாடத் தொடங்கி, சட்டென்று நிறுத்துகிறார். ட்ரம்ஸ் வாசித்தவர் அந்த இடைவெளியை ஓர் உருட்டலால் நிரப்பிவிடுகிறார். அதைத் திருத்தாமல் அப்படியே வெளியிட்டார்கள். சொற்கள் ஒன்றும் விளங்காததால் ஆபாசப் பாட்டாக இருக்குமோ என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. விசாரணை நடத்தியது. தட்டை எந்த வேகத்தில் சுழற்றிக் கேட்டாலும் சொற்கள் பிடிபடவில்லை என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. கேட்ட பிள்ளைகளுக்கோ எல்லாம் விளங்கியிருந்தது.

இனி உங்கள் கிற்றார் நண்பருக்கு. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கருவிகளின் படங்களைப் பார்த்து நானும் ஏங்கியிருக்கிறேன். ஆனால் காசை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சில்வர்டோன், எயர்லைன் என்று இன்று சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றி வைத்திருப்பவை, அந்தக் காலத்தில் சியர்ஸ், மொன்ட்கொமரி வோர்ட் போன்ற பெரிய பல்பொருள் கடைகள் விற்ற மலிவுக் கருவிகள். சில்வர்டோன் சிலவற்றின் உடல் அழுத்திய மரத்தூள் பலகையால் ஆனது. வைட் ஸ்ட்ரைப்ஸின் ஜக் வைட் கையில் நீங்கள் பார்க்கும் சிவப்பு எயர்லைனின் உடல் கண்ணாடியிழை. தகப்பனிடம் கெஞ்சி, கிடைத்ததை வாங்கிய பிள்ளைகளின் கருவிகள் இவை. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது உங்கள் நண்பர் தோளில் தொங்கும் சீனக் கிற்றார்தான். அமெரிக்க அம்ப்ளிபயர் 120 வோல்ட்டில் ஓடுவது. நம் 230 வோல்ட்டுக்கு அதைப் பொருத்தத் தனியாக ஒரு மின்மாற்றியும் வாங்க வேண்டும்.

ஜெர்மேனியம் பெடலுக்கு நம் ஊர் வெயிலே எதிரி. வெப்பம் ஏற ஏற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில் மின்கசிவு கூடும். ஒலி தொய்ந்து, நேற்று இருந்தது இன்று இருக்காது. வைகாசி மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அதை வைத்து வாசிப்பது வீண் போராட்டம். ஃபஸ் வேண்டுமென்றே முடிவானால் சிலிக்கன் டிரான்சிஸ்டர் உள்ளதை வாங்குங்கள், அது வெப்பத்தில் நிதானமாக நிற்கும். விலையும் குறைவு.

ஃபஸ் எப்படிப் பிறந்தது என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1958இல் கிற்றார் கலைஞர் லிங்க் ரே தன் அம்ப்ளிபயரின் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தித் துளைத்தார். சில ஆண்டுகள் கழித்து நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பழுதான மிக்ஸர் தடம் ஒரு பேஸ் வாசிப்பை உறுமலாக்கியது. அந்தப் பழுதைப் பெட்டிக்குள் அடைத்து 1962இல் விற்பனைக்கு விட்டதுதான் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன எல்பிகோ அம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் கடதாசியைச் சவர அலகால் கீறினார். உங்கள் ஸ்பீக்கரைக் கிழிக்கச் சொல்லவில்லை. கையில் இருந்ததை அதன் எல்லை வரை தள்ளியவர்கள் இவர்கள் என்பதைத்தான் சொல்கிறேன். சிறிய அம்ப்ளிபயரை முழுச் சத்தத்துக்குத் திருப்புங்கள். டிரான்சிஸ்டர் அம்ப்ளிபயர் அந்த நிலையில் காதைக் கிழிக்கும், ஆகவே அதன் ட்ரெபிளைப் பாதிக்கு இறக்கி, கிற்றாரிலுள்ள வொலியூமைக் கொஞ்சம் குறையுங்கள். அம்ப்ளிபயரைத் தரையிலிருந்து எடுத்துக் கதிரையில் வையுங்கள். பேஸின் குழப்பம் பாதி தீரும்.

இருந்தாலும் ஃபஸ்தான் இந்த இசையின் இதயம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சோனிக்ஸ் குழுவின் 1965 இசைத்தட்டை மறுபடி கேளுங்கள். கிற்றாரை ஒதுக்கிவிட்டு பொப் பெனட்டின் ட்ரம்ஸை மட்டும், பிறகு ஜெரி ரோஸ்லியின் தொண்டையை மட்டும் கேளுங்கள். அந்தப் பயங்கரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் குழுவில் முதலில் உழைக்க வேண்டியவர் இரவல் ட்ரம்ஸ் வாசிப்பவர். அவர் பாலையூற்றுக்குப் போய்ப் பறங்கியர் குடும்பக் கொண்டாட்டத்தில் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை வாசிப்பதைக் கேட்கட்டும். வயலினும் மண்டலினும் றபானாவும் வைத்துக்கொண்டு ஒரு சின்ன முற்றத்தையே ஆட வைப்பார்கள். தாளம் வேறுதான், ஆனாலும் சத்தம் கூட்டாமல் உந்துவது எப்படி என்பதை அவர் அங்கே கற்றுக்கொள்வார்.

கசியோவைப் பற்றி நீங்கள் கூச்சத்தோடு எழுதியிருப்பது போலத் தெரிகிறது. உங்களிடம் உள்ளவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஹமண்ட் ஓர்கனைத் தூக்கிச் செல்ல முடியாத குழுக்களுக்காக வந்தவை இங்கிலாந்தின் வொக்ஸ் கொன்டினென்டல், இத்தாலியின் ஃபர்ஃபிசா போன்ற டிரான்சிஸ்டர் ஓர்கன்கள். மெலிந்த, மூக்கால் பாடுகிற ஒலி. அந்த மெலிவால்தான் கிற்றாரின் இரைச்சலை அறுத்துக்கொண்டு அது வெளியே வரும். மிச்சிகன் மாநிலத்து மெக்சிக்கக் குடியேறிகளின் பிள்ளைகளான மிஸ்டீரியன்ஸ், 1966இல் '96 டியர்ஸ்' பாட்டை அமெரிக்காவின் முதலிடத்துக்குக் கொண்டுபோனது அந்த ஓர்கனால்தான். கசியோவில் ஓர்கன் ஒலியைத் தெரிவுசெய்து, கோரஸ், ரிவர்ப் போன்ற ஒலிச்சேர்க்கைகள் எல்லாவற்றையும் நிறுத்தி, அதையும் கிற்றார் அம்ப்ளிபயருக்குள் செருகுங்கள். இரண்டு விரலால் வாசித்தால் போதும்.

வைட் ஸ்ட்ரைப்ஸ் 2002இல் லண்டனின் டோ ரக் கூடத்தில் எட்டுத் தடக் கருவியில் பதிந்ததைச் சொல்லி உங்கள் நண்பர் வாதாடக்கூடும். அங்கே பழைய கருவிகள் இருந்தன, உண்மை. ஆனால் அவர்கள் இரண்டே பேர், வேகமாக வாசித்து முடித்துவிட்டுப் போனார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது அதை.

மொழிக்கு வருகிறேன். தமிழில் பாடுங்கள். பெருவின் தலைநகர் லீமாவில் 1964இல் தொடங்கிய லோஸ் சைகோஸ் குழு முழுக்க ஸ்பானிய மொழியில் அலறியது. ஒரு நெடுந்தட்டுக்கூட வெளியிடாமல், சிறுதட்டுகளோடு கலைந்துவிட்டார்கள். இன்றைக்கும் அவர்களைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. ஈழத்தின் முதல் தமிழ் மெல்லிசைத் தட்டை வெளியிட்ட பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் நம் திருகோணமலைக்காரர்கள். அவர்களுடைய இசை மென்மையானது, உங்களுடையதிலிருந்து வெகு தூரம். ஆனாலும் இந்த ஊரிலிருந்து தமிழில் பாடித் தட்டு போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். கத்துவதற்குத் தமிழின் வல்லினம் போல வாய்ப்பான எழுத்துகள் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கேட்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். லெனி கே தொகுத்து 1972இல் வந்த 'நகெட்ஸ்' என்ற இரட்டைத் தட்டு. 27 பாட்டுகள். ஒரே ஒரு பாட்டோடு மறைந்துபோன குழுக்கள்தான் அதில் அதிகம். இன்னொன்று, ஜெர்மனியில் பணியிலிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சேர்ந்த மங்க்ஸ் குழுவின் 1966 தட்டு. மின்சார பான்ஜோவைத் தாளக்கருவியாக அடித்து நொறுக்குவார்கள். உங்கள் பேஸ் வாசிப்பவருக்கு அது அவசியம்.

பதிவுக்கு ஒரு கைத்தொலைபேசி போதும். ட்ரம்ஸுக்கு முன்னால் ஆளுயரத்தில் வைத்து ஒரு பாட்டை வாசித்துக் கேளுங்கள். கிற்றார் கூடினால் அம்ப்ளிபயரைப் பின்னால் தள்ளுங்கள், குரல் குறைந்தால் பாடகர் முன்னால் வரட்டும். குரலுக்குத் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அடி ஒலியை வெட்டிவிட்டு நடு ஒலியை மட்டும் வீசும் அந்தக் குழாய், எந்தப் பெடலையும்விட உங்களுக்கு உதவும். தகரக் கூரைக்குக் கீழே ட்ரம்ஸ் சத்தம் ஆபத்தானது, நான்கு பேரும் காதடைப்பான் போடாமல் வாசிக்கக் கூடாது. கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடிந்ததும் துணியால் துடையுங்கள்.

பதிந்ததைத் திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள். தொலைபேசியை எங்கே வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா