அந்த மார்ட்டினி-ஹென்றியின் முத்திரை இடிக்கிறதே

அண்ணே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் துரை பங்களா சாமான்களோடு ஏலத்துக்கு வரும் மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி அசலா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட படத்திலேயே விடை இருக்கிறது. கிரீடத்துக்குக் கீழே வி.ஆர். என்று விக்டோரியா ராணியின் எழுத்து, அதற்கும் கீழே 1907. ராணி இறந்ததோ 1901 ஜனவரியில்! ‘என்ஃபீல்டு’ என்ற தொழிற்சாலைப் பெயரில் ஓர் எழுத்து வேறு இடவலம் மாறிக் கிடக்கிறது. பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள கைபர் கணவாய்ப் பட்டறைகளில் கையால் செய்த நகல்களில் இந்த இரண்டும் சகஜம். ஆங்கிலம் தெரியாதவர் பார்த்து வெட்டியது.

நேரில் போனால் திருகாணிகளைப் பாருங்கள். இரும்பெல்லாம் துருவேறி, திருகாணி மட்டும் புதுசாக மின்னினால் சந்தேகப்படலாம். ‘துரை வைத்திருந்தது’ என்ற கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம், நகலும் சுடும். 1960 ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் பற்றிப் போலீசில் கேட்காமல் ஏலத்தில் கை தூக்க வேண்டாம்.