கவுண்டிங் ஹால்ல என்னதான் நடக்குது? சட்டமன்றத் தேர்தல் ரிசல்ட் பத்தி நீங்க கேட்டதும் என் பதிலும்

போன தடவை தேர்தல் ரிசல்ட் பத்தி சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன். கட்சி ஜோசியம் கேட்டவங்க மன்னிக்கணும், அதுக்கு இங்க இடம் இல்ல.

கேள்வி: காலைல 9 மணிக்கு எங்க தொகுதில ஒருத்தர் 4,000 ஓட்டு லீடிங், மதியம் பாத்தா அவரு பின்னாடி. நடுவுல ஏதோ பண்ணிட்டாங்கன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. உண்மையா சார்?

இந்த கேள்விதான் அதிகமா வந்தது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடுறேன்.

8 மணிக்கு முதல்ல எடுக்குறது தபால் ஓட்டு. 8.30க்கு மெஷின் எண்ண ஆரம்பிப்பாங்க. ஒரு ஹால்ல வழக்கமா 14 டேபிள், ஒரு ரவுண்டுக்கு 14 பூத் மெஷின். எந்த பூத் முதல்ல வருதுன்னா பூத் நம்பர் வரிசைப்படிதான், 1ல இருந்து 14 முதல் ரவுண்டு, 15ல இருந்து 28 ரெண்டாவது, இப்படியே போகும். பூத் நம்பர் போடும்போது பக்கத்து பக்கத்து ஊரா வரிசையா போட்டிருப்பாங்க. அப்போ முதல் அஞ்சு ரவுண்டு ஒரு ஒன்றியம், அடுத்த ஆறு ரவுண்டு டவுன், கடைசில இன்னொரு பக்கத்து கிராமங்கள்னு வரும். டவுன்ல ஒரு கட்சி ஸ்ட்ராங், கிராமத்துல இன்னொரு கட்சி ஸ்ட்ராங்னா லீடு மாறத்தான் செய்யும். உங்க தொகுதி பூத் லிஸ்ட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு ரவுண்டு நம்பரோட பாத்தீங்கன்னா எந்த இடத்துல மாறும்னு முன்னாடியே சொல்லிடலாம், அனுபவமுள்ள கவுண்டிங் ஏஜென்டுங்க (ஹால்ல வேட்பாளர் சார்பா உக்கார்றவங்க) அப்படித்தான் சொல்வாங்க.

2021 தமிழ்நாடு தேர்தல்ல கொரோனாவால ஒரு பூத்துக்கு 1,000 பேருக்கு மேல கூடாதுன்னு சொன்னதால மாநிலம் முழுக்க 88,937 பூத் ஆச்சு, தொகுதிக்கு சராசரியா 380. கணக்கு போட்டா 28 ரவுண்டு வருது. 28 ரவுண்டுல மூணாவது ரவுண்டு லீட வச்சு வெடி போடுறது சரியில்லைங்க.

காட்பாடில துரைமுருகன் 2021ல மாறி மாறி முன்னாடி பின்னாடின்னு போய் கடைசில 746 ஓட்டுல ஜெயிச்சாரு. தி.நகர்ல வித்தியாசம் வெறும் 137, மொடக்குறிச்சில 281, தென்காசில 370. இந்த மாதிரி தொகுதில கடைசி மெஷின் எண்ணி முடிக்கிற வரைக்கும் யாராலயும் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: அதிக ஓட்டு வாங்குன கட்சி எதிர்க்கட்சி வரிசைல உக்காருதே, இது எப்படி நியாயம்?

நியாயமா இல்லையான்னு கேட்டா எனக்கும் வருத்தம் உண்டு, ஆனா நம்ம முறை அதுதான். ஒவ்வொரு தொகுதியும் தனித் தனி தேர்தல். ஒரு தொகுதில 60,000 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாலும் ஒரு சீட்டுதான், 60 ஓட்டுல ஜெயிச்சாலும் ஒரு சீட்டுதான்.

மத்தியப் பிரதேசம் 2018 பாருங்க. பாஜக 41.02 சதவீதம், காங்கிரஸ் 40.89. ஓட்டுல பாஜக ஒரு பொட்டு மேல, சீட்டுல காங்கிரஸ் 114, பாஜக 109. அதே வருஷம் கர்நாடகால தலைகீழ், காங்கிரஸ் 38 சதவீதம் வாங்கியும் சீட்டு 78தான், பாஜக 36 சதவீதத்துக்கு 104. இமாச்சல் 2022ல ரெண்டு கட்சிக்கும் நடுவுல 1 சதவீதம் கூட வித்தியாசம் இல்ல, ஆனா சீட்டுல காங்கிரஸ் 40, பாஜக 25ன்னு ஆட்சியே மாறிடுச்சு. நம்ம ஊர்ல 2016ல அதிமுக தனியா வாங்குனது 40.8, திமுக கூட்டணி கிட்டத்தட்ட 39.9. மே மாசம் ஓட்டுப்பதிவு நடந்த 232 தொகுதில அதிமுக 134, திமுக கூட்டணி 98. அந்த ஒரு சதவீதம் எந்தெந்த தொகுதில விழுந்ததுங்கிறதுதான் விஷயம், அதனால மாநில மொத்த சதவீதத்த மட்டும் வச்சுக்கிட்டு "மக்கள் முழுசா நிராகரிச்சிட்டாங்க"ன்னு எழுதுறவங்கள நம்பாதீங்க. 39 சதவீதம்னா பத்துல நாலு பேரு.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல் டூட்டிக்கு போறோம், தபால்ல ஓட்டு போடுறோம், அதுல பாதி செல்லாதுன்னு தூக்கிப் போடுறாங்கன்னு சொல்றாங்க. என்ன தப்பு பண்றோம்?

பாதி இல்லைங்க மேடம், ஆனா தேவையில்லாம நிறைய வீணாகுது, அது எனக்கு ரொம்ப வேதனையான விஷயம். ஊருக்கே ஓட்டு நடத்திக் குடுக்குறவங்க ஓட்டு செல்லாம போறது கொடுமை.

தபால் ஓட்டுல ஓட்டுச்சீட்டு ஒரு சின்ன கவர்ல (13பி) போகணும், உறுதிமொழி படிவம் (13ஏ) தனியா இருக்கணும், ரெண்டும் சேர்ந்து பெரிய கவர்ல (13சி) போகணும். எண்ணுறப்போ முதல்ல 13ஏ தான் பாப்பாங்க. அதுல கையெழுத்து இல்ல, சான்றொப்பம் இல்ல, ஓட்டுச்சீட்டு நம்பர் பொருந்தலன்னா உள் கவர பிரிக்கவே மாட்டாங்க, நீங்க யாருக்கு போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாமலே அது ஓரமா போயிடும். 13ஏவ சின்ன கவருக்குள்ள சீட்டோட சேர்த்து வச்சு ஒட்டிடுறது இன்னொரு பெரிய தப்பு.

ராதாபுரம் கதை தெரிஞ்சா இது எவ்வளவு முக்கியம்னு புரியும். 2016ல அதிமுக இன்பதுரை 69,590, திமுக அப்பாவு 69,541. வித்தியாசம் 49. அங்க 203 தபால் ஓட்ட செல்லாதுன்னு ஒதுக்குனாங்க, காரணம் சான்றொப்பம் போட்டவர் நடுநிலைப் பள்ளி தலைமை ஆசிரியர், அவருக்கு அந்த அதிகாரம் இல்லன்னு சொல்லி. அப்பாவு ஹைகோர்ட் போனாரு. 2019 அக்டோபர்ல கோர்ட், அந்த தலைமை ஆசிரியர் சான்றொப்பம் செல்லும், அந்த தபால் ஓட்டையும் 19, 20, 21வது ரவுண்டு மெஷினையும் மறுபடி எண்ணுங்கன்னு சொல்லுச்சு. ஹைகோர்ட் வளாகத்துலயே எண்ணவும் செஞ்சாங்க. ஆனா ரிசல்ட்ட வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டுடுச்சு, அப்படியே அந்த சட்டமன்றத்தோட அஞ்சு வருஷமும் முடிஞ்சு போச்சு. 2021ல அதே தொகுதில அதே இன்பதுரைய எதிர்த்து நின்னு அப்பாவு ஜெயிச்சு சபாநாயகரும் ஆயிட்டாரு. ஆனா 2016ல ராதாபுரம் மக்கள் உண்மைல யாரை தேர்ந்தெடுத்தாங்கன்னு அந்த மக்களுக்கு அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள சொல்லியிருக்கணும்ல?

இப்போ ஒரு நல்ல விதி இருக்கு, ஜெயிச்ச வித்தியாசத்த விட செல்லாத தபால் ஓட்டு அதிகமா இருந்தா அது எல்லாத்தையும் தேர்தல் அதிகாரி மறுபடி பாத்தே ஆகணும். பெங்களூர் ஜெயநகர்ல 2023ல இந்த மாதிரி மறுபடி பாத்துதான் பாஜக ராமமூர்த்தி 16 ஓட்டுல ஜெயிச்சாருன்னு ராத்திரி அறிவிச்சாங்க. டூட்டி ஆளுங்க பயிற்சி வகுப்புலயே வசதி மையத்துல ஓட்டு போடுற ஏற்பாடும் வந்திருக்கு, அத விட்டுடாதீங்க, அங்கயே சான்றொப்பம் போட ஆள் இருப்பாங்க.

கேள்வி: ரெண்டு பேரும் சமமா ஓட்டு வாங்குனா?

குலுக்கல். மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 65வது பிரிவு, சீட்டு யாருக்கு விழுதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலா கிடைச்ச மாதிரி கணக்கு. ஒரே ஒரு ஓட்டுல முடிஞ்ச கதையும் உண்டு: 2004ல கர்நாடகா சந்தேமரஹள்ளில துருவநாராயணா 40,752, ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி 40,751. 2008ல ராஜஸ்தான் நாத்துவாரால மாநில காங்கிரஸ் தலைவர் சி.பி.ஜோஷி 62,215, எதிர்ல நின்னவர் 62,216. ஜோஷி முதல்வர் ஆவாருன்னு பேச்சு இருந்த நேரம் அது.

கேள்வி: டெபாசிட் போறதுன்னா என்ன? நோட்டா ஜெயிச்சா?

சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000, எஸ்சி எஸ்டி வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கணும், இல்லன்னா பணம் போச்சு. இந்த கணக்குல நோட்டா சேராது. நோட்டா எல்லாரையும் விட அதிகம் வாங்குனாலும் அடுத்து இருக்குற வேட்பாளர்தான் எம்எல்ஏ. அத மாத்தணும்னு நான் நினைக்கிறேன், இப்போதைக்கு சட்டம் அப்படி இல்ல.

கேள்வி: சொந்த தொகுதில தோத்தவரு எப்படி முதலமைச்சர் ஆகுறாரு?

அரசியலமைப்புச் சட்டம் 164(4) இடம் குடுக்குது, எம்எல்ஏ இல்லாதவரும் ஆறு மாசம் அமைச்சரா இருக்கலாம், அதுக்குள்ள ஜெயிச்சு வரணும். 2021ல மம்தா நந்திகிராம்ல 1,956 ஓட்டுல தோத்து, முதல்வராகி, பவானிபூர் இடைத்தேர்தல்ல ஜெயிச்சாங்க. 2022ல உத்தராகண்ட் முதல்வர் தாமி கத்திமால தோத்து சம்பாவத்ல நின்னாரு. ஆறு மாசம் முடிஞ்சதும் ராஜினாமா பண்ணிட்டு மறுபடி பதவி ஏத்து இன்னொரு ஆறு மாசம் ஓட்டலாமான்னா முடியாது, 2001லயே பஞ்சாப் வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்த வழிய அடைச்சிடுச்சு.

கேள்வி: யாருக்கும் மெஜாரிட்டி இல்லன்னா பெரிய கட்சியதான் கூப்பிடணும்னு சட்டம் இருக்கா?

அப்படி எழுதுன சட்டம் எதுவும் இல்ல, அங்கதான் பிரச்சனையே. 2018 கர்நாடகால காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்து மெஜாரிட்டி காட்டியும் ஆளுநர் வஜுபாய் வாலா 104 சீட்டு வச்சிருந்த பாஜக எடியூரப்பாவ கூப்பிட்டு, நிரூபிக்க 15 நாள் குடுத்தாரு. ராத்திரியோட ராத்திரியா சுப்ரீம் கோர்ட் விசாரிச்சு, அப்புறம் 19ம் தேதியே சட்டசபைல நிரூபிங்கன்னு சொன்னதும் ஓட்டெடுப்புக்கு முன்னாடியே எடியூரப்பா ராஜினாமா பண்ணிட்டாரு. 15 நாள் இருந்திருந்தா எம்எல்ஏக்கள எப்படியெல்லாம் இழுத்திருப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மெஜாரிட்டிய எண்ண வேண்டிய இடம் சட்டசபை, ராஜ்பவன் இல்லன்னு 1994 எஸ்.ஆர்.பொம்மை வழக்குலயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. பெரும்பான்மை இல்லாமயும் ஆட்சி ஓடும், 2006ல திமுக 96 சீட்டோட காங்கிரஸ் வெளி ஆதரவுல முழு அஞ்சு வருஷம் நடத்துச்சு.

கேள்வி: முதல் தடவை கவுண்டிங் ஏஜென்டா போறேன் அண்ணே. என்ன பண்ணணும்?

தம்பி, ரொம்ப சந்தோஷம். உங்க பேர் படிவம் 18ல எண்ணிக்கைக்கு மூணு நாள் முன்னாடி சாயங்காலம் 5 மணிக்குள்ள போயிருக்கணும், அத முதல்ல கேட்டுக்கங்க. போன் உள்ள விட மாட்டாங்க. பேனா, வெள்ளை பேப்பர், அப்புறம் முக்கியமா உங்க டேபிளுக்கு வர்ற பூத்தோட 17சி (அந்த பூத்ல பதிவான ஓட்டுக் கணக்கு படிவம்) நகல். ஓட்டுப்பதிவு அன்னிக்கு பூத் ஏஜென்டுகிட்ட குடுத்திருப்பாங்க, அத இப்பவே வாங்கி வரிசையா அடுக்கி வையுங்க.

மெஷின் டேபிளுக்கு வந்ததும் சீல் நம்பர், கன்ட்ரோல் யூனிட் நம்பர் ரெண்டையும் 17சியோட ஒத்துப் பாருங்க. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருப்பீங்க, தெரியலன்னா "சார் இன்னொரு தடவை காட்டுங்க"ன்னு தயங்காம கேளுங்க, அது உங்க உரிமை. ரிசல்ட் பட்டன் அழுத்துனதும் வேட்பாளர் வரிசைப்படி நம்பர் ஒவ்வொண்ணா ஓடும், வேகமா எழுதணும், எழுதி முடிச்சு கூட்டிப் பாத்தா 17சில இருக்குற மொத்த ஓட்டோட பொருந்தணும். பொருந்தலன்னா கத்தாதீங்க, உடனே தேர்தல் அதிகாரி டேபிள்ல இருக்குற உங்க ஏஜென்டுக்கு சொல்லி எழுத்துல குடுங்க. அந்த மெஷின தனியா எடுத்து வச்சிட்டு மத்தத எண்ணுவாங்க, ஜெயிக்கிற வித்தியாசம் அந்த மெஷின் ஓட்ட விட கம்மியா வந்தா விவிபேட் சீட்ட (ஓட்டு போடும்போது அச்சாகி விழுற பேப்பர் சீட்டு) எண்ணுவாங்க. மெஷின் கணக்குக்கும் விவிபேட் கணக்குக்கும் முரண் வந்தா சீட்டு எண்ணிக்கைதான் செல்லும்.

மறு எண்ணிக்கை கேக்குறதா இருந்தா எண்ணி முடிச்சு முடிவு அறிவிக்கிறதுக்கு முன்னாடி, காரணத்தோட எழுத்துல கேக்கணும். அதிகாரி மறுத்தாலும் எழுத்துலதான் மறுக்கணும், அந்த உத்தரவோட நகல வாங்காம வெளிய வராதீங்க. அறிவிச்சாச்சுன்னா அப்புறம் ஹைகோர்ட்ல தேர்தல் வழக்குதான், அதுக்கு 45 நாள்.