கண் ஒப்பரேஷனுக்குப் போன அம்மாவுக்குப் பழைய மாரடைப்பா?

கேள்வி: அம்மாவுக்கு 57 வயது. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கண்புரை ஒப்பரேஷனுக்கு முன் டவுனில் ஒரு லெப்பில் ஈசிஜி எடுத்தோம். பேப்பரின் மேலே, ‘முன்பக்கத்தில் பழைய மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது’ என்ற கருத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. அவருக்கு நெஞ்சுவலி வந்ததே இல்லை. லெப்பில் அறிமுகமான ஒருவர், கொழும்பில் உடனே அஞ்சியோகிராம் என்ற இதயப் பரிசோதனை செய்ய வேண்டும், வான், டொக்டர், கட்டில் எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: அடகு வைக்க வேண்டாம். அந்த வரியை அச்சடித்தது மெஷின். எந்த டொக்டரும் அம்மாவைப் பார்த்து எழுதியதில்லை. நடுத்தர வயதுப் பெண்களின் ஈசிஜியில் இந்த வரி அடிக்கடி வரும். பல நேரங்களில் அதற்குக் காரணம் நெஞ்சில் வயரை ஒட்டிய இடம்தான்.

இதயத்தில் மேலே இரண்டு சோணையறை, கீழே இரண்டு இதயவறை. வலது சோணையறையின் மேல்பக்கம் ஒரு சின்ன மின்துடிப்பு கிளம்பி, நான்கு அறைகளுக்கும் பரவும். அந்த மின்னோட்டத்தைத்தான் ஈசிஜி கோடாக வரைகிறது. முதலில் வரும் சிறு மேடு சோணையறைகளுடையது. அடுத்து ஊசிபோல் எழும்புவது இதயவறைகளுடையது. பிறகு வரும் அகலமான மேடு, அவை அடுத்த துடிப்புக்குத் தயாராவது. பேப்பர் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடும். ஒரு பெரிய கட்டம் 0.2 செக்கன். இரண்டு ஊசிகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300ஐ அதனால் பிரித்தால் நாடித்துடிப்பு கிடைக்கும். நாலு கட்டம் என்றால் 75. வீட்டில் நீங்கள் பார்க்க இவ்வளவு போதும்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். கை கால்களில் நாலு, நெஞ்சில் ஆறு என்று பத்து வயர் மாட்டுவார்கள். நெஞ்சில் முதல் வயரிலிருந்து ஐந்தாவது வயர் வரை அந்த ஊசி கொஞ்சம் கொஞ்சமாக உயர வேண்டும். இதயத்தின் முன்சுவரில் தசை செத்துப்போயிருந்தால் அங்கே மின்சாரம் இல்லை, ஊசி உயராது. ஆனால் வயரை மேலே தூக்கி ஒட்டினாலும் ஊசி உயராது! மெஷினுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் இரண்டு வயரும் மார்பு எலும்பின் இரு ஓரத்திலும் நாலாவது விலா இடைவெளியில் ஒட்ட வேண்டியவை. கழுத்துக் குழியிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் எலும்பில் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணி இறங்க வேண்டும். நடப்பது என்ன? திரை இல்லாத அறை, வெளியே நீள வரிசை. அம்மா கூச்சத்தில் சட்டையைப் பிடித்துக்கொள்வார். எடுப்பவர் கழுத்துப் பக்கத்தால் கையை விட்டு, எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவார். ஒரு திரைச்சீலையும் ஒரு பெண் உதவியாளரும் இருந்தால் தீரும் காரியம் இது. இத்தனை காலமாகியும் அதைச் செய்யாமல் இருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

ஆகவே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஈசிஜியைத் திரும்ப எடுங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா ஆஸ்பத்திரியிலோ எடுக்கலாம், காசு இல்லை. முன்பக்கம் திறக்கும் சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். திரும்பவும் அதே மாதிரி வந்தால், ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ ஸ்கேன் எடுப்பார்கள். முன்சுவர் அசைகிறதா என்று அதில் கண்ணாலேயே பார்க்கலாம். அதிலும் சந்தேகம் இருந்தால், கிளினிக் கடிதத்தோடு கண்டி தேசிய வைத்தியசாலையின் இருதய நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அஞ்சியோகிராம் என்பது கை அல்லது தொடை நாடி வழியாகக் குழாய் விட்டுச் சாயம் செலுத்தும் பரிசோதனை. வலியில்லாத ஒருவருக்கு, மெஷின் வரி ஒன்றை மட்டும் நம்பி யாரும் அதைச் செய்யக் கூடாது.

அந்த வான்காரரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இப்படியானவர்கள் பஸ் ஸ்டாண்டிலும் லெப் வாசலிலும் நிற்பார்கள். ஈசிஜியை வட்ஸ்அப்பில் ‘பெரிய டொக்டருக்கு’ அனுப்பி, அஞ்சு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது என்பார்கள். ‘நாளைக்கே போகாவிட்டால் உயிருக்கு ஆபத்து’ என்பார்கள். உண்மையிலேயே நாளைக்குள் ஆபத்து என்றால், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இன்றைக்கே போகச் சொல்ல வேண்டுமே, ஏன் சொல்வதில்லை? டொக்டரின் பெயர், கடிதம், காசுக்கு ரசீது மூன்றையும் கேளுங்கள். ஒன்றும் வராது. ஒரிஜினல் பேப்பரை அவரிடம் கொடுத்திருந்தால் உடனே வாங்கிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்க வேண்டாம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ‘நெஞ்சுவலி வந்ததே இல்லை’ என்ற ஆறுதல் செல்லாது. பல வருஷச் சீனி நரம்புகளைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலே வந்து போகலாம். திடீர் வியர்வை, ஏற்றத்தில் மட்டும் வரும் மூச்சிரைப்பு, காரணமில்லாத களைப்பு, வாந்தி என்று காட்டும். மலை ஏறி இறங்குகிறவர் ‘வயசாகிறது’ என்று விட்டுவிடுவார். மூன்று மாதத்துக்கு முன் ஏறிய அதே படிக்கட்டில் இப்போது நடுவில் நிற்கிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். சீனியும் இருந்து, இந்த மாற்றமும் இருந்தால் மெஷின் வரியை நானும் ஒதுக்க மாட்டேன். எக்கோவை ஒத்திப்போடாதீர்கள். சீனி பார்த்து நாளாகியிருந்தால் ஈசிஜி எடுக்கும் அன்றே இரத்தமும் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நாள் கிளினிக் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும் என்பது எனக்குத் தெரியும். போய்க் காத்திருந்தாலும் கொப்பியில் ஆங்கிலம், வாயில் சிங்களம். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. இன்றைக்கும் ஒரு தாய்க்குத் தன் ரிப்போர்ட்டைத் தமிழில் விளக்க ஆள் இல்லை. தரகர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். அம்மாவோடு நீங்களே போங்கள். ‘பழைய ஈசிஜிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேளுங்கள்.

அதற்குப் பழைய பேப்பர் வேண்டும். அது சூட்டில் அச்சாகும் தாள், நாளாக ஆக மங்கிவிடும். அடுப்படிப் பரணில் வைக்காதீர்கள். லெமினேட் செய்தால் முழுக்கக் கறுத்துவிடும். இன்றைக்கே போட்டோகொப்பி எடுத்துக் கிளினிக் கொப்பியில் வையுங்கள்.

இதற்கிடையில் நெஞ்சு அழுத்தமோ, வியர்வையோடு மூச்சுத்திணறலோ வந்தால் காஸ் என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்காமல் 1990 என்ற நம்பருக்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சொல்லுங்கள். மாரடைப்பாக இருந்தால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும்.

கண் ஒப்பரேஷனைக் கைவிட வேண்டாம். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்துதான் அதைச் செய்கிறார்கள். புதிய ஈசிஜியைக் கண் கிளினிக்கில் காட்டி அடுத்த திகதியைக் கேளுங்கள்.