ஓபி சீட்டில் 'படியில் விழுந்தேன்' என்று இருக்கிறது, கேஸ் நிற்குமா?

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருடம். கணவர் குடித்துவிட்டு அடிப்பார். போன மாதம் நெற்றியில் நாலு தையல். ஆஸ்பத்திரியில் அவர் கூடவே நின்றதால் படியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஆறு வயது மகளோடு திருவண்ணாமலையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். சென்னையில் மகளிர் ஸ்டேஷனில் 'சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். வீடு மாமியார் பேரில், நகையும் அங்கேதான். கேஸுக்குச் சென்னை போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு போடலாம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த காகிதம் இதைத் தடுக்காது.

ஆனால் நேராக வக்கீல் ஆபீஸுக்கு ஓடாதீர்கள் (வக்கீல் நானே சொல்கிறேன்). முதலில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நீங்கள் சொல்வதை அவர் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார், மருத்துவப் பரிசோதனை, தங்குமிடம், இலவச வக்கீல் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்வது அவருடைய கடமை, தயவு அல்ல. பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் தர வேண்டும். அம்மா வீட்டுக்கே வந்து தகராறு செய்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பார்கள். 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மகளோடு ஐந்து நாள் வரை தங்கலாம், கவுன்சலிங், போலீஸ், சட்ட உதவி எல்லாம் அங்கிருந்தே நடக்கும்.

அப்புறம் அந்த ஓபி சீட்டு. என்னிடம் வருகிற பாதிப் பேரின் சீட்டில் இதே 'படி'தான் இருக்கிறது. பயந்து அதைக் கிழித்துப் போடாதீர்கள், தேதியும் தையலும் அதில்தானே இருக்கின்றன. அடித்தவரே பக்கத்தில் நின்றார் என்பதை அறிக்கையில் அப்படியே சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு இன்னொரு முறை போய்த் தழும்பைக் காட்டி, நடந்ததைச் சொல்லிப் பதிய வையுங்கள். அன்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தால் அம்மா போனிலும் அழிக்க வேண்டாம்.

வீடு மாமியார் பேரில் இருந்தாலும் நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அதில் தங்க உரிமை கேட்கலாம், 2020-ல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது, தங்கும் உரிமை மட்டும்தான். திரும்பிப் போக மனமில்லையா, சரி, வேறு வீட்டுக்கு வாடகை கேளுங்கள். நகையைத் திருப்பித் தரச் சொல்லியும், மாதச் செலவுக்கும், மகள் உங்களிடமே இருக்கவும் அதே மனுவில் கேட்கலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும், அதனால் 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்களை அடிக்கக் கூடாது என்று கோர்ட் போடும் பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை ஜெயில்.

போகும்போது ஆதார், கல்யாணப் போட்டோ, நகை பில், அந்தச் சீட்டு எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். கணவரிடம் 'கேஸ் போடப் போகிறேன்' என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், நகை இடம் மாறிவிடும்.