பள்ளி வாரியத்தில் ஓர் இளைஞர்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 24. செந்தூலில் வசிக்கிறேன். நான் படித்த தமிழ்ப்பள்ளியின் வாரியத்தில், முன்னாள் மாணவர் என்ற முறையில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் என் அப்பாவைவிட மூத்தவர்கள். நாற்காலி அடுக்குவது, படம் எடுப்பது, புலனக் (வாட்ஸ்அப்) குழுவைக் கவனிப்பது இவையே என் வேலைகள். முடிவெடுக்கும்முன் மாணவர்களையும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். "பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று தலைவர் சிரித்தார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மாணவர்களே பள்ளி வாரியத்தில் உறுப்பினராக இருக்கிறார்களாம். நம்மால் ஏன் முடியவில்லை? தைப்பூசம் முடிந்ததும் ஆறாம் ஆண்டு மாணவர்களோடு பத்துமலையில் குப்பை பொறுக்கினோம். அதற்கு மட்டும் எல்லோரும் கைதட்டினார்கள். இப்படியே தொடர்வதா, விலகிவிடுவதா?

கி., கோலாலம்பூர்

அன்புள்ள கி.,

மேரிலாந்தை முதலில் முடித்துவிடுவோம். அங்கே மாண்ட்கோமரி கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) மாணவர்கள் வாக்களித்து ஒரு மாணவரை ஓராண்டுக்கு வாரியத்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அந்த வாரியம் கவுண்டியின் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் நடத்துகிறது. அங்கே வாக்களிப்பவர்களும் பெரும்பாலும் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைவிட மூத்தவர்கள். நம்முடையவர்களுக்கு 7 முதல் 12 வயது. அவர்களை வாரியக் கூட்டத்தில் உட்காரவைத்தால் வரவுசெலவு வாசித்து முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள். (சில உறுப்பினர்களும் தூங்குவதுண்டு என்பது வேறு விஷயம்.) நாற்காலியை அங்கிருந்து இறக்குமதி செய்ய வேண்டாம். கேட்கும் பழக்கம் வந்தால் போதும்.

உங்கள் தலைவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படி எழுந்த கொட்டகைப் பள்ளிகளிலிருந்து இன்றைய கட்டடங்கள் வரை வந்து சேர்ந்ததில் இப்படிப்பட்ட பெரியவர்களின் அலைச்சல் நிறைய இருக்கிறது. பகுதி உதவி பெறும் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளம் போன்றவைதான் அரசின் கவலை; நிலமும் கட்டடமும் பெரும்பாலும் வாரியத்தின் தலையில். மனு எழுதி, நன்கொடை திரட்டி, அலுவலக வாசலில் காத்துக் கிடந்தவருக்கு, நேற்று வந்த நீங்கள் ஜனநாயகம் சொல்லிக்கொடுப்பது கசக்கத்தான் செய்யும்.

ஆனாலும் அவர் சொன்னது தவறு. பத்து வயதுப் பிள்ளைக்கு வாரியத்துக்குத் தெரியாதது தெரியும்.

பினாங்கில் ஒரு பள்ளிக்குப் பரிசளிப்பு விழாவுக்காகப் போயிருந்தேன். நுழைவாயில் வளைவுக்கு என்ன நிறம் பூசுவது என்று வாரியத்தில் பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. சிற்றுண்டிச்சாலையில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் புட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. குடிக்கவில்லையா என்றேன். குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டுமே என்றாள். பெண்கள் கழிப்பறையில் மூன்று கதவுகளில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோழி அன்று வரவில்லை. காலையிலிருந்து மதியம்வரை நாக்கு வறள உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. வெளியே கட்டொழுங்கு ஆசிரியரின் அறைச் சுவரில் 'உங்கள் கருத்து' என்று எழுதிய பெட்டி தொங்கியது. அதற்குப் பூட்டு இருந்தது. சாவி அவரிடமே இருந்தது. அதில் யார் என்ன எழுதிப் போடுவார்கள்?

2023-இல் பிரதமரே பள்ளிக் கழிப்பறைகளைச் சீரமைப்பதை முக்கிய வேலையாக அறிவித்தார். அரசு பணம் தரலாம். எந்தக் கதவு என்று காட்டப் பிள்ளைதான் வேண்டும்.

மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது; வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அதற்கு மதிப்பளிக்கவும் சொல்கிறது. இதைத் தலைவரிடம் வாசித்துக் காட்டாதீர்கள். சட்டம் பேசினால் பெரியவர்கள் விறைத்துக்கொள்வார்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஓய்வு நேரத்தில் ஓர் ஆசிரியை உடனிருக்க, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களோடு உட்காருங்கள். மாணவர் தலைவர்களை மட்டும் அழைத்தால் பயனில்லை, அவர்கள் ஆசிரியர் விரும்பும் பதிலைச் சொல்லத் தேர்ந்தவர்கள். பின் வரிசைப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். "பள்ளி எப்படி இருக்கவேண்டும்?" என்று கேட்டால் நீச்சல்குளம் என்பார்கள். "எந்த இடத்துக்குப் போகப் பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். வந்ததில் இரண்டை மட்டும் வாரியத்தில் வையுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறும்வரை விடாதீர்கள். முடியாது என்று வாரியம் சொன்னால் அதையும் காரணத்தோடு பிள்ளைகளிடம் போய்ச் சொல்லவேண்டும். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவரிடம் அடுத்த முறை எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

பத்துமலைக்கு வருகிறேன். உழைத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது யார்? பெரியவர்கள் வீசிய தட்டையும் குவளையையும் பிள்ளைகள் பொறுக்கினார்கள், பெரியவர்கள் கைதட்டினார்கள். இதைச் சமூக சேவை என்று அழைக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நிலைமை இன்னும் மோசம். அரசுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு என்றிருப்பதால், துடைப்பத்தைத் தொடுமுன்பே சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள். அடுத்த முறை பிள்ளைகளையே கேளுங்கள். பள்ளிக்கு எதிரே இருக்கும் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு நாளிதழ் படித்துக் காட்டலாம் என்று ஒருவன் சொல்லக்கூடும். அதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. சட்டை அச்சடிக்கும் செலவும் மிச்சம்.

விலகுவதைப் பற்றி: விலகாதீர்கள். நாற்காலியையும் அடுக்குங்கள், குறைந்துவிட மாட்டீர்கள். ஆனால் அடுத்த முறை பொறுப்புகளைப் பிரிக்கும்போது செயலாளர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் தட்டிக்கழிக்கும் வேலை அது, எளிதில் கிடைத்துவிடும். கூட்டக் குறிப்பை எழுதுவதும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பதும் அவர்தான்.