‘டாக்டர் பாப்பா’ வேறு படிப்பு கேட்கிறாள்

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை மகளின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு, தருமபுரியிலிருந்து பஸ் ஏறி வந்து என் அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். கிளம்பும்போது மகளை முன்னால் நடக்கவிட்டு, வாசலில் நின்று மெல்லக் கேட்டீர்கள்: "ரெண்டு வருஷம் போச்சுங்க. நகை அடகுல கிடக்குது. இப்ப வந்து வேற படிக்கிறேங்கறா. சொந்தக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வியும் இல்லை அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் வலியை நான் சின்னதாக்கப் போவதில்லை. நகை நகைதான், கழிந்த வருஷங்கள் கழிந்தவைதான். பிளஸ் டூ முடித்தவுடன் ஒரு நீட், பிறகு விடுதியில் தங்கி ரிப்பீட்டர் பேட்ச்சில் இரண்டு நீட். ஒவ்வொரு முறையும் மதிப்பெண் கூடியது, ஆனால் அரசுக் கல்லூரி இடம் எட்டவில்லை. தெருவில் அவளை "டாக்டர் பாப்பா" என்று கூப்பிடுகிறார்கள் என்றீர்கள். அதைச் சொன்னபோது அவள் தலை குனிந்ததை நான் பார்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே நிலையில் ஒரு பையன் வந்தான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டாய், இன்னும் ஒரு வருஷம் பார்" என்றேன். அவன் முகம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது, நான் அவன் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தேன். அந்த ஒரு வருஷத்தில் அவன் யாரோடும் பேசாத பிள்ளையாகிவிட்டான். அதற்குப் பிறகு, செலவழித்ததைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் ஒரே இடத்தில் நிற்கச் சொல்வதில்லை.

மாறுகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. பரீட்சை பயத்தில் "இது வேண்டாம், எதுவானாலும் சரி" என்பவர்கள் ஒரு வகை. அவர்களை அவசரப்பட்டு எதிலும் சேர்க்கக் கூடாது. முதலில் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், ஒரு மாதம் போக வேண்டும். இன்னொரு வகைக்கு "எது வேண்டும்" என்று கேட்டால் விவரத்தோடு பதில் வரும். உங்கள் மகள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொன்னேன்.

உள்ளே அவள் பேசியது உங்கள் அண்ணன் மகனைப் பற்றி. பிறவியிலேயே காது கேட்காமல் இருந்து, காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் என்ற, உட்காதில் கேட்கும் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பையன். விடுமுறைக்கு வந்தபோது நான்கைந்து முறை அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். பயிற்சி தருபவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ‘ம்’, ‘ஊ’, ‘ஆ’, ‘ஈ’, ‘ஷ்’, ‘ஸ்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்வாராம். சத்தம் கேட்டால் பையன் ஒரு கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். "முதல் நாள் ‘ஸ்’ஸுக்கு மட்டும் போடவே இல்ல மேடம். மூணாவது வாரம் போட்டான். அன்னைக்கு அவங்க அம்மா அழுதுட்டாங்க" என்றாள். அது வரைக்கும் மேசையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்த ஆறு ஒலிகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தாழ்ந்த ஒலியான ‘ம்’ முதல் மிக உயர்ந்த ‘ஸ்’ வரை, மனிதப் பேச்சின் அலைவரிசை முழுவதையும் அவை தொட்டுவிடும். குழந்தைக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ‘ஸ்’ ஏன் கடைசியில் வந்தது என்று உங்கள் மகள் தானே யோசித்திருக்கிறாள். பிளஸ் ஒன் இயற்பியலில் ஒலி அலையை மூன்று முறை திருப்பிப் படித்தவள் அல்லவா? போச்சு என்று நீங்கள் சொல்லும் இரண்டு வருஷத்தில் கொஞ்சம் அங்கேதான் இருக்கிறது.

அவள் கேட்கிற படிப்பு செவித்திறன், பேச்சு மொழி நோயியல் இளநிலைப் பட்டம். சுருக்கமாக பி.ஏ.எஸ்.எல்.பி. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து 4 ஆண்டுகள். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது, காது கேட்கும் கருவி பொருத்துவது, திக்குவாய், பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்தவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் என்று வேலை விரிந்து கிடக்கிறது. காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைக்கு அறுவை சிகிச்சை பாதி வேலைதான். கருவி ஒலியை மின் துடிப்பாக மாற்றி நரம்புக்கு அனுப்பும், அவ்வளவே. அந்தத் துடிப்பு "அம்மா" என்ற சொல் என்பதை மூளை கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் பலன். பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பது இந்தத் துறையில் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்தவள் என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். முதல் வருடம் ஆங்கிலப் புத்தகங்கள் அவளைச் சிரமப்படுத்தும், மறைக்கவில்லை. ஆனால் ஒரு தருமபுரிக் குழந்தைக்கு ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் கேட்கவும் சொல்லவும் பழக்க, அந்தக் குழந்தையின் வீட்டுப் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும். தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிற ஊர்கள் உங்கள் மாவட்டத்திலேயே உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அவள் கற்ற தெலுங்குக்கு, நீட் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. இந்த வேலையில் அதற்கு மதிப்பு உண்டு.

மாறினால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டுமே என்றீர்கள். சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியது 1976இல். அதற்குப் பிறகு தன் மனம் உயிரியலில் இருக்கிறது என்று கண்டு, முனைவர் என்ற பட்டத்தோடு மறுபடியும் மாணவராகப் போய் இரண்டு வருடம் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்தார். 2009இல், உயிரணுவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் வேதியியலில். உங்கள் மகளுக்கும் நோபல் வரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய பிறகும் ஒரு மனிதர் மறுபடியும் பெஞ்சில் உட்காரக் கூச்சப்படவில்லை. இருபது வயதில் இவள் ஏன் கூச்சப்பட வேண்டும்?

இனி நடைமுறை. தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு, மருத்துவம் சார்ந்த மற்ற பட்டப் படிப்புகளோடு சேர்த்து, கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. பிளஸ் டூ மதிப்பெண்தான் இதுவரை அடிப்படை. விதிகள் மாறக்கூடியவை, அதனால் இந்த ஆண்டுக் கையேட்டை வரிக்கு வரி படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரி என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள், கட்டிடத்தைப் பிறகு பார்க்கலாம். அந்த அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் தொழில் செய்ய முடியாது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, அதற்குத் தனி விண்ணப்பம். நர்சிங், கண் பரிசோதனைப் படிப்பு, கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கும் போட்டு வையுங்கள். சம்பளம் தொடக்கத்தில் டாக்டர் அளவுக்கு வராது. இதை அவளிடமும் சொல்லிவிட்டேன், கேட்டுக்கொண்டாள்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது? "காது கேக்காத குழந்தைங்களுக்குப் பேச்சு வர வைக்கிற படிப்பு" என்று சொல்லுங்கள். உங்கள் அண்ணன் வீட்டில் அதன் அருமை தெரியும். மற்றவர்கள் புரிந்துகொள்ள நாளாகும். அதுவரை நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னால், அந்தத் தயக்கத்தைத்தான் அவள் முதலில் கவனிப்பாள்.

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு வேலை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். அனுமதி கேட்டு மூன்று நாள் அவளை அங்கே உட்கார வையுங்கள். அழுகிற குழந்தை, ஒத்துழைக்காத குழந்தை, ஒரே சொல்லை நாற்பது முறை சொல்ல வேண்டிய சலிப்பு எல்லாவற்றையும் அவள் பார்க்கட்டும். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கு போன் போடச் சொல்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம் அம்மா, அவளே பேசட்டும்.